டாக்டர் ஹூ ரசிகர்களிடையே ஓயாத வாதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் டாக்டர் ஹூ பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போவதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து மிரண்டு ஒதுங்கிவிடக் கூடாது, ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்களும் கசந்துபோய்ப் பேச்சை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். கீழே சில கதைகளின் முடிவுகள் வருகின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். 'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர், வெளியே நீலநிறப் போலீஸ் பெட்டி மாதிரி இருக்கும் டார்டிஸ் என்ற கலத்தில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுகிறார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர். 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னல் விலகியபோது, டாக்டர் சாகாமல் வேறு உடலும் வேறு குணமும் கொண்டவராக மாறுகிறார் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதைத்தான் இப்போது ரீஜெனரேஷன் என்கிறோம். 1989-இல் தொடர் நின்றது, 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, 2005-இல் மறுபடியும் தொடங்கியது.

எல்லாத் தொடருக்கும்தான் ரசிகர்கள் இருக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

தொடரின் அமைப்பே அப்படி. சில வருடத்துக்கு ஒருமுறை கதாநாயகன் மாறுகிறார், உடன் பயணிப்பவர்கள் மாறுகிறார்கள், எழுதுகிறவர் மாறுகிறார், சில நேரம் தொடரின் தொனியே மாறிவிடுகிறது. 1970களில் டாம் பேக்கரைப் பார்த்து வளர்ந்தவரும் 2010களில் மேட் ஸ்மித்தைப் பார்த்து உள்ளே வந்தவரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இருவர் மனதிலும் இருப்பது இரண்டு வேறு தொடர்கள். இது தெரியாமல் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் கோபம் வந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதுதான் அதிகாரபூர்வமான வரலாறு, இது சேராது என்று பிபிசி ஒருபோதும் பட்டியல் போட்டதில்லை. புத்தகங்கள், ஒலி நாடகங்கள், காமிக்ஸ், 1965-இலும் 1966-இலும் பீட்டர் குஷிங் நடித்து வந்த இரண்டு சினிமாக்கள் எல்லாம் இருக்கின்றன. எது கணக்கில் வரும் என்பது அவரவர் முடிவு. 1995-இல் நாவலாக வந்த 'ஹியூமன் நேச்சர்' என்ற கதை 2007-இல் வேறு டாக்டரை வைத்துத் தொலைக்காட்சியில் வந்தது. அப்படியானால் நாவலில் நடந்தது நடந்ததா இல்லையா? தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. நீதிபதி இல்லாத இடத்தில் நல்ல வாதத்துக்கு மதிப்பு கூடுகிறது.

அப்படித் தீராமல் கிடக்கும் வாதம் ஒன்றைச் சொல்லுங்களேன்.

யூனிட் கதைகள் எந்த வருடத்தில் நடக்கின்றன என்பது. யூனிட் என்பது வேற்றுக்கிரக ஆபத்துகளைக் கையாளும் ராணுவப் பிரிவு, அதன் தலைவர் பிரிகேடியர். 1975-இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில், யூனிட் காலத்திலிருந்து டாக்டருடன் கிளம்பிய சாரா தான் 1980-லிருந்து வருவதாகச் சொல்கிறாள். ஆனால் 1983-இல் வந்த 'மாட்ரின் அன்டெட்' கதையில், 1977-இலேயே பிரிகேடியர் ஓய்வு பெற்றுவிட்டு ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. பல வருடம் ரசிகர்கள் காலண்டர், கார், தொழில்நுட்பம், யார் பிரதமர் என்று தோண்டித் தோண்டிக் கணக்குப் போட்டார்கள். 2008-இல் வந்த ஒரு எபிசோடில் டாக்டரே, தான் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று யோசிக்கிற மாதிரி ஒரு வசனம் வைத்தார்கள். ரசிகர்களின் வாதத்தை அன்போடு தொடருக்குள்ளேயே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இந்த வாதத்தில் யாரும் யாரையும் வெறுத்ததாக நான் பார்த்ததில்லை. ஏனென்றால் இருதரப்பும் கையில் சான்று வைத்துக்கொண்டு பேசுகிறது. எந்தக் கதை, எந்தக் காட்சி, என்ன வசனம் என்று கேட்டால் உடனே பதில் வரும்.

ஒரே எபிசோடை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார், இன்னொருவர் படுமோசம் என்கிறார். யார் சொல்வது சரி?

2018 நவம்பர் 11 அன்று வந்த 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' எபிசோடை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் வினய் பட்டேல். டாக்டருடன் பயணிக்கும் யாஸ் என்ற பெண் தன் பாட்டி உம்ப்ரீனின் இளமைக்காலத்தைப் பார்க்க ஆசைப்பட, டார்டிஸ் 1947 ஆகஸ்டில் பஞ்சாபில் போய் இறங்குகிறது. அங்கே முஸ்லிம் பெண்ணான உம்ப்ரீனுக்கும் பிரேம் என்ற இந்து இளைஞனுக்கும் கல்யாணம். யாஸின் தாத்தா பெயர் பிரேம் இல்லை. பிரேமின் தம்பி மனிஷ் மதவெறியில் ஊறிப்போயிருக்கிறான், கல்யாணத்தை நடத்தவிருந்த சாதுவையே கொன்றுவிடுகிறான். கடைசியில் அவன் கூட்டிவந்த கும்பலே பிரேமைச் சுடுகிறது. டாக்டரும் நண்பர்களும் தடுக்காமல் திரும்பி நடக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. தடுத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள்.

பிடிக்காதவர்கள் சொல்வது: டாக்டர் எதையும் செய்யாமல் வேடிக்கை பார்க்கிறார், பாதி எபிசோடு வேற்றுக்கிரகவாசிகள்தான் கொலைகாரர்கள் என்று தவறாக நினைத்துத் துரத்துவதிலேயே வீணாகிறது, அவர்கள் இல்லாமலேயே கதை நின்றிருக்கும். பிடித்தவர்கள் சொல்வது: அந்த வேற்றுக்கிரகவாசிகள் ஒரு காலத்தில் கூலிக் கொலையாளிகள், தங்கள் கிரகமே அழிந்தபின் யாரும் அருகில் இல்லாமல் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்பதையே கடமையாக்கிக்கொண்டவர்கள், பிரிவினையில் பெயர் தெரியாமல் செத்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஒரு மரியாதையைத்தான் எபிசோடு செய்கிறது, டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் வலியே.

நான் இரண்டாவது கட்சி. பிரிவினையில் அசுரன் எங்கிருந்தோ வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தான் என்று பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் முதல் கட்சி சொல்வதும் பொய்யில்லை. துரத்தல் காட்சிகள் தொய்வுதான். யார் சரி என்பதை விட, இரண்டு பேரும் ஒரே காட்சியைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்களா என்பதைப் பாருங்கள். பேசுகிறார்கள் என்றால் அந்த வாதம் எவ்வளவு நேரம் போனாலும் நல்லதுதான்.

எல்லாரும் மோசம் என்று சொல்லும் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். பொதுக்கருத்து இங்கே பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது.

1976-இல் 'தி டெட்லி அசாசின்' வந்தது. அதுவரை கடவுள் மாதிரி காட்டப்பட்ட, டாக்டரின் இனத்தவரான டைம் லார்டுகளை, பதவிக்குச் சண்டை போடும் கிழட்டு அரசியல்வாதிகளாக அதில் காட்டினார் ராபர்ட் ஹோம்ஸ். அந்த வருடம்தான் தொடங்கியிருந்த டாக்டர் ஹூ ரசிகர் சங்கத்தின் தலைவரே, தொடரின் மாயம் எங்கே போயிற்று என்று கொதித்து விமர்சனம் எழுதினார். மேரி வைட்ஹவுஸ் என்ற ஒழுக்கப் பிரச்சாரகர் வன்முறை அதிகம் என்று போராடியது தனிக்கதை. இன்றைக்கு அதே கதை டாம் பேக்கர் காலத்தின் சிறந்த படைப்புகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஒரு டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் ரீஜெனரேட் ஆக முடியும் என்ற விதி அங்கேதான் வந்தது. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடு முழுக்க அந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று இன்னும் சுவாரசியம். 1960களில் ஒளிபரப்பான பல எபிசோடுகளின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது, தொண்ணூறுக்கும் மேற்பட்டவை காணாமல் போயின. 1967-68-இல் வந்த 'தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்' என்ற ஆறு பகுதிக் கதையில் மூன்றாம் பகுதி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பேட்ரிக் ட்ரௌட்டன் டாக்டராகவும் உலகை ஆளத் துடிக்கும் சலமாண்டராகவும் இரட்டை வேடம் போட்ட கதை. மிஞ்சியிருந்த பகுதியிலோ அறைக்குள் பேச்சு, வழிநடைக் காட்சிகள், எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்ளும் ஒரு சமையல்காரர், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பல வருடம் இது மெதுவான, சுமாரான கதை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நைஜீரியாவில் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் மீதிப் பகுதிகள் கிடைத்துவிட்டதாக 2013 அக்டோபரில் செய்தி வந்தது. பார்த்தால் முதல் பகுதியிலேயே கடற்கரை, ஹோவர்கிராஃப்ட், ஹெலிகாப்டர் என்று பறக்கிறது கதை, ட்ரௌட்டனோ இரண்டு வேடத்திலும் பின்னி எடுக்கிறார். ஒரே வாரத்தில் ரசிகர் உலகத்தின் கருத்து மாறிவிட்டது. ஆறில் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு முழுக்கதைக்கும் மதிப்பெண் போட்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பார்க்காமலே கருத்துச் சொல்லலாமா?

கூடாது. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கலாம், அது வேறு.

குறை சொல்பவர்களைப் பார்த்து "பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே, நீ உண்மையான ரசிகனே இல்லை" என்கிறார்களே?

இந்தப் பேச்சை முதலில் விட வேண்டும். ரொம்பப் பிடித்தவர்கள்தான் ரொம்பக் குறை சொல்வார்கள்.

1986 கடைசியில் பிபிசியில் 'ஓப்பன் ஏர்' என்று பார்வையாளர்கள் கருத்துச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அந்த வருடத்து டாக்டர் ஹூ சீசனை எழுதியவர்களில் இருவரான பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதி அதில் கலந்துகொண்டார்கள். லிவர்பூல் ரசிகர் சங்கத்திலிருந்து வந்த ஒரு பதினாறு வயதுப் பையன், கதை இன்னும் எவ்வளவோ நன்றாக எழுதப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அந்தப் பையன் பெயர் கிறிஸ் சிப்னல். 2018-இலிருந்து 2022 வரை டாக்டர் ஹூவின் ஷோரன்னராக, அதாவது தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளராக, இருந்தவர் அவர்தான். அவர் காலத்து எபிசோடுகளை இன்றைக்கு வேறு ரசிகர்கள் அதே சூட்டோடு விமர்சிக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், 1974-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழின் டாக்டர் ஹூ சிறப்பிதழைப் பாராட்டிக் கடிதம் போட்ட பள்ளிச் சிறுவன் பீட்டர் கபால்டி, 2013-இல் டாக்டராகவே வந்தார். பாராட்டியவரும் குறை சொன்னவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

அப்படியென்றால் எழுதியவரையும் நடிகரையும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாமா?

வேலையை விமர்சியுங்கள், ஆளை விடுங்கள். காலின் பேக்கர் கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

1984 மார்ச்சில் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' ஒளிபரப்பானது. இருக்கும் ஒரே ஒருவருக்கான மாற்று மருந்தை, பழகிக் கொஞ்ச நாளே ஆன பெரி என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவது டாக்டரான பீட்டர் டேவிசன் உயிர்விடுகிறார். அடுத்த வாரமே 'தி ட்வின் டைலமா'. புதிதாக வந்த ஆறாவது டாக்டரான காலின் பேக்கர், முதல் பகுதியிலேயே அதே பெரியின் கழுத்தை நெரிக்கிறார். மனக் குழப்பத்தில் செய்தார் என்று கதை சமாதானம் சொல்கிறது, ஆனால் பார்ப்பவர் மனதிலிருந்து அந்தக் காட்சி போகாது. 2009-இல் 'டாக்டர் ஹூ மேகசின்' அதுவரை வந்த 200 கதைகளுக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது, ஆண்ட்ரோசானி முதலிடம், ட்வின் டைலமா கடைசி இடம். தலையும் வாலும் அடுத்தடுத்த வாரங்களில் வந்திருக்கின்றன.

கோபமெல்லாம் காலின் பேக்கர் மேல் விழுந்தது. ஆனால் கழுத்தை நெரிக்கும் காட்சியை அவர் எழுதவில்லை. அந்தக் கண்ணைப் பறிக்கும் பலவண்ணக் கோட்டையும் அவர் கேட்கவில்லை. கருப்பு உடைதான் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார், ரசனையே இல்லாத உடையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது தயாரிப்பாளர். 1985-இல் பிபிசி தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைத்தது, 1986-இல் இவரை நீக்கியது. வேறு எந்த டாக்டருக்கும் இப்படி நடந்ததில்லை. பிற்பாடு 'பிக் ஃபினிஷ்' நிறுவனத்தின் ஒலி நாடகங்களில் நல்ல எழுத்து கையில் கிடைத்ததும் அதே மனிதர் அதே பாத்திரத்தை வைத்துக்கொண்டு ரசிகர்களின் மனதை வென்றார். நடிப்பில் கோளாறு இல்லை, கோளாறு வேறிடத்தில் இருந்தது. ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் எழுத்தா, இயக்கமா, தயாரிப்பாளரின் முடிவா, நடிப்பா என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். விமர்சனமும் கூர்மையாகும், ஒரு மனிதரும் தப்பிப்பார்.

டாக்டர் பெண்ணாக மாறியதைப் பற்றிப் பேசினாலே சண்டை வருகிறதே?

2017 ஜூலை 16 அன்று விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டம் முடிந்ததும் ஜோடி விட்டேக்கர்தான் அடுத்த டாக்டர் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் பீட்டர் டேவிசன் ஒரு பேட்டியில், விட்டேக்கர் அருமையான நடிகை, அவருக்கு என் வாழ்த்து, ஆனால் சிறுவர்களுக்கு முன்மாதிரியான ஒரு பாத்திரம் போகிறதே என்ற வருத்தம் இருக்கிறது என்றார். காலின் பேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை, முன்மாதிரியாக இருக்க நம் பாலினத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டுமா என்று வெளிப்படையாகவே மறுத்தார். இரண்டு முன்னாள் டாக்டர்கள் நேரெதிராகப் பேசினார்கள், இருவரும் அவரவர் நிலைப்பாட்டைக் காரணத்தோடு சொன்னார்கள். எனக்கு காலின் பேக்கர் சொன்னதுதான் சரி. ஆனால் டேவிசன் சொன்னது வருத்தம், வசை இல்லை. அவரைச் சுற்றிக் கிளம்பிய கூச்சல்தான் அசிங்கம். இருதரப்பிலிருந்தும் வந்த விஷத்தைத் தாங்காமல் அவர் ட்விட்டரை விட்டே போய்விட்டார்.

விட்டேக்கர் காலத்துக் கதைகளில் பிடிக்காதது எனக்கும் நிறைய உண்டு. அதைச் சொல்லும்போது 'கதை இப்படி' என்று சொல்வதும் 'பெண்ணைப் போட்டதால் இப்படி' என்று சொல்வதும் ஒன்றில்லை. இரண்டாவது ரகப் பேச்சுக்கு 'எனக்கு இது தோன்றுகிறது' என்ற பாதுகாப்பு கிடையாது, எதிரில் இருக்கும் பெண் ரசிகைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

தொடருக்குள் அரசியலைப் புகுத்திவிட்டார்கள் என்கிறார்கள். முன்பு இல்லையா?

எப்போதும் இருந்தது. 1973-இல் வந்த 'தி கிரீன் டெத்' கதையில் ரசாயனக் கம்பெனியின் கழிவு வேல்ஸ் சுரங்கத்தில் ராட்சதப் புழுக்களை உண்டாக்குகிறது. 1988-இல் வந்த 'தி ஹேப்பினஸ் பேட்ரோல்' கதையின் சர்வாதிகாரியைப் பார்த்தால் மார்கரெட் தாட்சரின் நினைவு வராமல் போகாது. அதனால் அரசியல் இருக்கிறதா என்ற கேள்வியில் நேரத்தைப் போக்காமல், அரசியலை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

2018-இல் வந்த 'கெர்ப்ளாம்!' எபிசோடைப் பாருங்கள். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் பொருள் அனுப்பும் மாபெரும் கிடங்கு. பத்துச் சதவீதம் மனித ஊழியர்கள், மற்றதெல்லாம் ரோபோ. வில்லன் கம்பெனி இல்லை, இயந்திரங்களை எதிர்த்துக் குண்டு வைக்கப்பார்க்கும் ஒரு தொழிலாளி. அவனுக்கு வலி எப்படியிருக்கும் என்று உணர்த்துவதற்காக, அவன் விரும்பும் கிரா என்ற அப்பாவிப் பெண்ணைக் கம்பெனியின் சிஸ்டமே கொல்கிறது. அதற்குப் பின்னும் பிரச்சினை சிஸ்டத்தில் இல்லை, அதைப் பயன்படுத்துகிறவர்களிடம்தான் என்கிற மாதிரி டாக்டர் பேசுகிறார். முடிவில் கிடங்கு ஒரு மாதம் மூடப்படும், ஊழியர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு வசனம் சாதாரணமாக வந்துபோகிறது. மீதி இரண்டு வாரம் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? டாக்டர் அதைக் கேட்கவே இல்லை. எனக்கு இந்த எபிசோடின் மேல் தீராத கோபம் இருக்கிறது. இதையே விறுவிறுப்பான மர்மக் கதையாக ரசிப்பவர்களும் உண்டு, அவர்கள் காட்டும் திருப்பங்கள் நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கின்றன. நான் அந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பேன், அவர்கள் திருப்பத்தைப் பற்றிப் பேசுவார்கள், பேச்சு தொடரும்.

எனக்குப் பிடித்த பழைய கதையை இனவெறி என்கிறார்கள். மனம் நோகிறது.

1977-இல் வந்த 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வசனம், மூடுபனி லண்டன், டாம் பேக்கர் எல்லாமே அபாரம்தான். 2009 வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்த கதை. ஆனால் அதில் சீன மந்திரவாதியாக நடித்தவர் ஜான் பென்னட் என்ற வெள்ளையர், முகத்தில் ஒப்பனை போட்டு, உச்சரிப்பை மாற்றி நடித்திருக்கிறார். சீனர்கள் பெரும்பாலும் அபின், கொலை, ரகசியக் கூட்டம் என்றே வருகிறார்கள். ஒருவர் இதைச் சொன்னால் அவர் கதையைத் தடை செய்யச் சொல்லவில்லை, உங்களை இனவெறியர் என்றும் சொல்லவில்லை. 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்று வாயை அடைக்காதீர்கள். அந்தக் காலத்திலும் சீனர்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கதை பிடிக்கும் என்பதையும் இது தவறு என்பதையும் ஒரே ஆள் சேர்த்தே சொல்லலாம், நான் சொல்கிறேன்.

பார்வையாளர் எண்ணிக்கையைக் காட்டி வாதம் செய்யலாமா?

காட்டலாம், ஆனால் அதோடு வாதம் முடிந்ததாக நினைக்காதீர்கள். தொடரின் சரித்திரத்திலேயே அதிகம் பேர் பார்த்தது 1979-இல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' கதையின் நான்காம் பகுதி, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். கதை அருமையானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரங்களில் போட்டி அலைவரிசையான ஐடிவியில் வேலைநிறுத்தம், பெரும்பாலான வீடுகளில் பார்க்க வேறு நிகழ்ச்சியே அதிகமில்லை.

ஸ்பாய்லர் விஷயத்தில் என்ன மரியாதை?

இந்திய நேரத்துக்கு எபிசோடு வரும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் முடியும் வரையாவது முடிவைப் பற்றிப் பேசாமல் இருங்கள், பேசினால் முன்கூட்டியே எச்சரியுங்கள். இது முடியாத காரியம் இல்லை. 2013 மே மாதம் 'தி நேம் ஆஃப் த டாக்டர்' ஒளிபரப்பாகும் முன்பே, அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதன் டிஸ்க் தவறுதலாக அனுப்பப்பட்டுவிட்டது. கடைசிக் காட்சியில் யாருக்கும் தெரியாத ஒரு டாக்டராக ஜான் ஹர்ட் திரும்பிப் பார்க்கும் அந்த ரகசியம் அவர்கள் கையில் இருந்தது. தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று அப்போதைய ஷோரன்னர் ஸ்டீவன் மாஃபட் கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய எல்லாருமே வாயைத் திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்திராத ரசிகர்கள் செய்த காரியம் இது. நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

வாதம் முற்றி எரிச்சலாகிவிட்டால்?

நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேறு கதையைப் பற்றிப் பேசுங்கள்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டுமென்றால், 2006-இல் வந்த 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' எபிசோடைப் பார்க்கச் சொல்வேன். டாக்டரைத் தேடும் சில சாதாரண மனிதர்கள் ஒன்றுசேர்கிறார்கள். முதலில் தகவல் பரிமாறிக்கொள்ள வந்தவர்கள், அப்புறம் சமைத்ததைக் கொண்டுவருகிறார்கள், பாட்டுக் குழு தொடங்குகிறார்கள், ஒருத்தி தொலைந்துபோன தன் மகளைப் பற்றிச் சொல்கிறாள். பிறகு விக்டர் கென்னடி என்று ஒருவர் வருகிறார். நேரத்துக்கு வா, வீட்டுப்பாடம் செய், டாக்டரைப் பற்றி மட்டும் பேசு. சந்தோஷம் போய்விடுகிறது, ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், அவர்தான் ஆட்களைத் தன் உடம்புக்குள் உறிஞ்சும் அரக்கன். ரசிகர் கூட்டங்கள் எப்படிக் கெடுகின்றன என்பதை இதைவிடச் சரியாக யாரும் காட்டியதில்லை. கடைசியில் வரும் ஒரு கொச்சையான நகைச்சுவையால் இந்த எபிசோடையே வெறுப்பவர்கள் ஏராளம், அந்தக் காட்சி எனக்கும் வேண்டாம்தான்.

நம் நடுவிலும் விக்டர் கென்னடிகள் உண்டு. எத்தனையாவது கதை, எந்த இயக்குநர் என்று புதியவர்களைச் சோதித்து, பதில் தெரியாவிட்டால் ஏளனம் செய்பவர்கள். 2023-இலிருந்து பார்க்கத் தொடங்கியவருக்கு ஹார்ட்னல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், புதியவரின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சரி, பில்லி பைப்பர்தான் அடுத்த டாக்டரா?

2025 மே 31 அன்று 'தி ரியாலிட்டி வார்' எபிசோடின் முடிவில் அப்போதைய டாக்டரான ஷூட்டி கட்வா ரீஜெனரேட் ஆனதும் தெரிந்த முகம், 2005-இல் டாக்டருடன் பயணிக்கும் ரோஸாக நடித்த பில்லி பைப்பருடையது. டாக்டர்தான் என்கிறவர்கள், ரீஜெனரேஷன் ஆனபின் வருகிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்கிறார்கள். இல்லை என்கிறவர்கள் பெயர்ப் பட்டியலைக் காட்டுகிறார்கள்: வழக்கமாகப் புதியவரின் பெயரோடு 'டாக்டராக' என்று போடுவார்கள், இங்கே பில்லி பைப்பரை அறிமுகம் செய்வதாக மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். முன்பே டாக்டராக இருந்த டேவிட் டெனன்ட் 2022-இல் பழைய முகத்தோடு மறுபடி டாக்டராகத் திரும்பிவந்ததை இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறது. 2005-இல் தொடரை மறுபடி தொடங்கிய ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதும் சிறப்பு எபிசோடு 2026 கிறிஸ்துமஸுக்கு என்று பிபிசி அறிவித்திருக்கிறது. நான் 'இல்லை' பக்கம். அந்தப் பெயர்ப் பட்டியலை யாரும் கவனக்குறைவாகப் போட்டிருக்க மாட்டார்கள். மறுக்கிறவர்கள் காட்சியைச் சொல்லி மறுங்கள், உட்கார்ந்து பேசலாம்.